மூன்றில் ஒரு பங்கு

எத்திராஜ் மாமா இதைப் படிக்க மாட்டார். தப்பித் தவறிப் படித்தாலும், 'இவனுக்கு இன்னும் நிறையத் தெரியும், பாதியை உள்ளே வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான்' என்றுதான் சொல்லுவார். அவர் புத்தி அப்படி. என் அக்கா பஞ்சவர்ணத்தைக் கட்டியவர் என்பதால் மாமா என்று கூப்பிடுகிறேன். மற்றபடி அவருக்குக் கொடுக்க என்னிடம் மரியாதை எதுவும் மிச்சமில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. வேலை என்று சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. மற்றவன் வேலை செய்வான், இவர் பின்னால் நின்று பார்ப்பார். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு ஸ்டாப் வாட்ச். ஒரு பீஸை எடுத்து மெஷினில் மாட்டி, கடைந்து, கழற்றிக் கீழே வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு டைம் ஸ்டடி என்று பெயர். எங்கள் அப்பாவும் அவருடைய அப்பாவும் பருத்திப்பட்டில் அடுத்தவன் நிலத்தில் சேற்றில் நின்றவர்கள். அந்தக் குடும்பத்திலிருந்து கிளம்பி, உட்காராமல் நின்றபடியே சும்மா இருக்கும் உத்தியோகத்தைப் பிடித்த முதல் ஆள் இவர்தான். அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாட்சைக் கண்டால் எவன் கையும் தானாக மெதுவாகிவிடும். நான் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டினேன். எங்கள் ஷாப்பிலும் இதே கதைதான். வேகமாகச் செய்து காட்டினால் அதையே நாளை முதல் தினப்படி அளவாகத் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் வாட்ச் வந்ததும் டூலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்போம், தேவையில்லாமல் எண்ணெய் விடுவோம், இல்லாத பிசிறைத் துணியால் துடைப்போம். பார்ப்பவனுக்கும் அது தெரியும், செய்பவனுக்கும் தெரியும். அதற்கு எத்திராஜ் மாமா ஒரு வைத்தியம் வைத்திருந்தார்.

"மச்சான், எவனும் தன் முழு பலத்த வாட்சு முன்னாடி காட்ட மாட்டான். நான் பாக்கறப்ப அவன் இன்னா செய்றானோ, அது மேல மூணுல ஒரு பங்கு ஏத்திக்கோ. அதான் அவனோட நெசமான சரக்கு" என்பார்.

கம்பெனியில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் அவரைக் கெடுத்தது. கம்பெனிக்குள் மட்டும் செல்லுபடியாகிற அந்த ஒரு பிடி புத்தியை அவர் வாசலுக்கு வெளியேயும் தூக்கிக்கொண்டு திரிந்தார். பஸ் டிரைவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறான். டீக்கடைக்காரன் சும்மா ஆற்றிக்கொண்டு நிற்கிறான். அவருடைய அப்பா செத்தபோது, மேளம் அடிக்க வந்தவர்கள் வேர்த்து விறுவிறுத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பாடையைத் தூக்கப் போகிற நேரம். என் காதோரம் வந்து, "கைல இன்னும் சரக்கு வெச்சிக்கினு அடிக்கிறானுங்க மச்சான்" என்றார். பெத்த அப்பன் பிணமாகக் கிடக்கிறான். தூ.

என் அக்காவிடம் அவர் எப்படி இருந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சவர்ணம் பம்பரம். அவள் துணி துவைத்தால் கல் அழும். ஆவடியில் ஒரு நீள வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரம்மா காலையிலும் சாயங்காலத்திலும் பால்காரன் வருவதற்கு முன்னால் குழாயைத் திறப்பாள், அவன் போனதும் பூட்டைப் போட்டுவிடுவாள். அதற்குள் ஐந்து குடித்தனமும் தண்ணீர் பிடித்தாக வேண்டும். அக்கா மற்றவர்களுக்கு முன்னால் பிடித்து முடித்து, சோறு வடித்து, டப்பா கட்டி இவர் கையில் கொடுத்து அனுப்புவாள். இவர் வாங்கிக்கொண்டு, "மனசு வெச்சா இன்னும் சீக்கிரம் செய்வா. இயுத்துப் புடிக்கிறா" என்பார். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்குத்தான் வாயில் நல்லா வரும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. தன் வீடு, அதில் தன் குழாய். தோன்றுகிற நேரத்தில் எழுந்து போய், யாரையும் கேட்காமல் ஒரு குடம் பிடிக்க வேண்டும். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. இதைத்தான் கேட்டாள்.

அதற்கு ஒரு வழியும் வந்தது. மாமாவையும் சேர்த்து எஸ்டேட்டில் வேலை செய்த எட்டுப் பேர் திருநின்றவூரில், ஏரிக்கு இந்தப் பக்கம், ஒரு சங்கம் வைத்து மனை வாங்கினார்கள். அங்கே அப்போது விலை குறைவு. ரயிலில் ஏறினால் அம்பத்தூர் வந்துவிடலாம். வீடு எப்படிக் கட்டுவது என்று முழித்தபோது ராயப்பன் என்ற இன்ஜினீயர் வந்தார். செங்கல் சூளை வைக்காமல், விறகு எரிக்காமல் வீடு கட்டக் கற்றுத்தரும் ஒரு நிலையத்தின் ஆள். ஏரியில் தூர் எடுத்த மண்ணைச் சலித்து, கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கையால் இழுக்கிற ஓர் அமுக்கு மெஷினில் போட்டுக் கல்லாக்க வேண்டும். சூட்டுக்குப் பதில் தண்ணீர். அந்த மண்கல்லை மூன்று வாரம் ஈரக்கோணி போட்டு நனைத்துக்கொண்டே இருந்தால் இறுகிவிடும். மரம் சாகாது, ஏரியும் ஆழமாகும், செலவும் கம்மி. ராயப்பன் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற களை இருக்கும். நல்ல மனிதர். நல்லவராக இருந்து என்ன பிரயோஜனம்? யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் "பார்க்கலாம் சார்" என்று பின்வாங்கிவிடுவார்.

இதில் ஒரே ஒரு கண்டம்தான் இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட வேண்டும். நனைத்து இறுகிய சுவரின் தலையில் ஓடு இருந்தால் எத்தனை மழைக்கும் நிற்கும். அரைகுறையாகப் பதமான சுவர் மொட்டையாக மழையில் நின்றால் கரையும். இதை ராயப்பன் எல்லோரிடமும் சொன்னார். எத்திராஜ் மாமாவிடமும் சொன்னார்.

எந்த வீடு முதலில் என்று சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டில் மாமாவின் பெயர் வந்தது. அக்கா அன்றைக்கே ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பித்தளைக் குழாய் வாங்கிவந்துவிட்டாள். சுவர் இல்லை, பைப் இல்லை, குழாய் மட்டும் வந்துவிட்டது. பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். "முதல் ஊடு நம்ம ஊடுடா தேவராஜு" என்று என்னிடம் நாலு தடவை சொன்னாள்.

சங்கத்தில் யாருக்கும் கட்டட வேலை தெரியாது. 'நம்ம எத்திராஜு கீறாரே, ஆள் கணக்கு, வேலைக் கணக்கு எல்லாம் அவருக்கு அத்துப்படி' என்று அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு மெஷின், ஒரு கோஷ்டி ஆட்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு கல் வரும், மழைக்குள் எத்தனை வீடு எழும் என்று அவர்தான் அளந்து சொல்ல வேண்டும். மகா மேதாவி கழுத்தில் வாட்சைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கல் போட வந்த கோஷ்டிக்குத் தலைவி குப்பம்மா. அந்தப் பக்கத்திலேயே கல், மண், ஜல்லி என்று எல்லா வேலையும் எடுப்பவள். வாயைத் திறந்தால் ஊரையே வளைத்துவிடுவாள். "இதெல்லாம் ஒரு வேலையா நைனா? கண்ண மூடிக்கினு போடுவோம்" என்றாள். அந்த மெஷினை அவள் அதற்கு முன்னால் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒரு நாள் ஓட்டிக் காட்டு, பிடித்திருந்தால் முழு வேலையும் உனக்கே என்று பேச்சு.

சித்திரை வெயிலில் அந்த நாள் வந்தது. நானும் அன்று லீவு போட்டுப் போயிருந்தேன். ஒருத்தி கூடையில் மண்ணை அள்ளி அச்சில் கொட்டுகிறாள், ஒருத்தி மூடியைச் சாத்துகிறாள், இரண்டு பேர் மெஷினின் நீளக் கைப்பிடியான நெம்பில் தொங்கி இழுக்கிறார்கள், கல் வெளியே வருகிறது, அதை ஒருத்தி ஏந்திக்கொண்டு ஓடுகிறாள். ஓடுகிறாள் என்றால் நிஜமாகவே ஓட்டம். ஒருத்தியும் தண்ணீர் குடிக்க நிற்கவில்லை. ஒருத்தியும் வெற்றிலை போடவில்லை. குப்பம்மா நடுவில் நின்று விரட்டிக்கொண்டிருந்தாள். சலித்த மண் குவியலாகத் தயாராக இருந்தது. அதை யார் எப்போது சலித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பிற்பாடு குப்பம்மாவே என்னிடம் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலமே வந்து மண்ணைச் சலித்து வைத்துவிட்டார்கள். போதாததற்குத் தன் இரண்டு நாத்தனார்களையும் அன்றைக்கு மட்டும் கூட்டி வந்திருக்கிறாள். வேலை கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் வாட்சைக் கண்டால் மெதுவாவான். ஏனென்றால் அவன் வேலை அவனிடமே இருக்கிறது. குப்பம்மாவுக்கு அந்த வேலை இனிமேல்தான் கிடைக்க வேண்டும். அவள் வாட்சைக் கண்டால் ஏன் மெதுவாவாள்? உயிரைக் கொடுத்து ஓடத்தான் செய்வாள். பச்சைக் குழந்தைக்குப் புரியும் இது.

எனக்குச் சலித்த மண் விவகாரம் அன்று தெரியாது. ஆனால் மூச்சிரைப்பு தெரிந்தது. "மாமா, உசுர வுட்டு ஓடறாங்க. தெனம் இப்டி வராது" என்றேன்.

அவர் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இளக்காரமாக ஒரு சிரிப்பு. "நீ லேத்து ஓட்றவன். உனக்கு இன்னா தெரியும்? இருவது வருசமா பாக்கறேன். வாட்சு முன்னாடி முயு வேகத்துல செஞ்சவன் எவனும் கெடியாது. இது பாதி நடிப்பு."

நடிப்புதான். எந்தப் பக்கத்து நடிப்பு என்பதில்தான் மேதாவி கோட்டை விட்டார். அன்று வந்த கல்லை எண்ணி, அதன் மேல் வழக்கம் போல மூன்றில் ஒரு பங்கை ஏற்றிவிட்டார். கூட்டியே காட்டியதற்கு மேல் இன்னொரு கூட்டல்.

அந்தக் கணக்குப்படி மழைக்கு முன்னால் எட்டு வீடும் எழுந்துவிடும். சங்கக் கூட்டத்தில் அதை அவர் சொன்னபோது கைதட்டினார்கள். ராயப்பன் மட்டும் நெளிந்தார்.

"ரெண்டு ரெண்டா முடிச்சிடலாமே சார்" என்றார். "சீட்டு வந்த வரிசைல போவோம். முதல் ரெண்டு வீட்டுக்குக் கூரை போட்டுட்டு அடுத்த ரெண்டு. மழைக்குள்ள முடிஞ்சது முடியட்டும். மிச்சத்துக்குத் தை மாசம் கடைக்கால் போடுவோம்."

"அதெல்லாம் கணக்கு தெரியாதவங்க பேச்சு" என்றார் எத்திராஜ் மாமா. "கல்லு வரும்னு நான் சொல்றேன். வைகாசி போனா ஆனி ஆவாது, ஆடி ஆவவே ஆவாது. எட்டு ஊட்டுக்கும் வைகாசிலியே கடக்கால் போட்டுடணும். சீட்டு எதுக்கு? முன்ன பின்ன எதுக்கு? எட்டும் ஒண்ணா எயும்பும்."

ஆகாத மாசத்தில் கடைக்கால் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்த கடைசி வரிசைக்காரர்களுக்கு இது பாயசமாக இருந்தது. ராயப்பன், "பார்க்கலாம் சார்" என்றார். எட்டுக் கடைக்காலும் ஒரே வாரத்தில் போட்டார்கள். எட்டு மஞ்சள் துணி, எட்டுத் தேங்காய்.

அக்கா அன்று சாயங்காலம் என்னிடம், "அப்போ நம்ம ஊடு மொதல்ல இல்லியாடா?" என்று கேட்டாள். "பரவால்ல, எல்லாருக்கும் ஒண்ணா வந்தா நல்லதுதான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஆனியில் தொடங்கிய வேலை ஆடிக்குள்ளேயே பல்லை இளித்தது. நாத்தனார்கள் இல்லை. மண்ணையும் அன்றன்றைக்குத்தான் சலிக்க வேண்டும். குப்பம்மாவின் ஆட்கள் எவ்வளவு பாடுபட்டாலும் மாமா போட்ட அளவில் பாதியைத் தாண்டவில்லை. உண்மையைச் சொன்னால் முதல் நாள் வேஷம் போட்டது வெளியே வந்துவிடும், வேலையும் போய்விடும். அதனால் குப்பம்மா அதைச் சொல்லவில்லை. "இவ்ளோதான் எங்களால ஆவும் நைனா" என்று மட்டும் சொன்னாள்.

"எல்லாரும் சொல்றதுதான் இது" என்றார் மாமா.

பிறகு அவள் அளவை எட்ட ஒரு வழி கண்டுபிடித்தாள். அச்சில் மண்ணைக் குறைத்துப் போட்டு லேசாக இழுத்தால் வேலை விரைவாக ஓடும். கல்லும் பார்க்கக் கல் மாதிரியே இருக்கும். நனைக்கத் தண்ணீர் சுமக்கிற நேரத்தையும் கல் போடுவதில் செலவழித்தார்கள். மாமாவின் வாட்ச் கல் போடுவதை மட்டும்தான் அளந்தது. தண்ணீர் சுமப்பது அவர் கணக்கில் வேலையே இல்லை. பிடித்து வைத்த குடத்தைத்தானே அவர் ஜன்மத்தில் பார்த்திருக்கிறார். எட்டு வீட்டுக்கும் பங்கு வைத்ததில் ஒவ்வொரு வீட்டுக்கும் கையளவுதான் போயிற்று. எட்டுச் சுவரும் முழங்கால் உயரத்தில், பிறகு இடுப்பு உயரத்தில் எழுந்து நின்றன. ஒன்றுகூட முடியவில்லை.

ராயப்பன் ஒரு கல்லைத் தூக்கிக் கீழே போட்டுப் பார்த்தார். அது உடைந்தது. "இது நனையல சார். கெட்டியாவும் அமுங்கல" என்றார்.

மாமா அதைக் கேட்டுக்கொண்டு நேராகக் குப்பம்மாவிடம் போய், எல்லோர் முன்னாலும் அவளைத் திருடி என்றார். அடுத்த நாள் அவள் கோஷ்டி வரவில்லை. பூந்தமல்லி பக்கம் ஜல்லி உடைக்கப் போய்விட்டார்கள். ஆவணி பிறந்திருந்தது.

அப்போது அவர் செய்ததை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. சங்கத்துக்காரர்களைக் கூட்டி வைத்து, "வெளியாள் எப்பவும் இயுத்துப் புடிப்பான். நம்ம ஊட்டுப் பொம்பளைங்க எதுக்குக் கீறாங்க? சொந்த ஊடு. அவங்க இன்னா ஏமாத்தவா போறாங்க?" என்றார். முதல் ஆளாகத் தன் பெண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அக்கா தினமும் ஆவடியில் பொழுது விடியுமுன் தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்துவிட்டு, ரயிலேறித் திருநின்றவூர் போவாள். பகலெல்லாம் அந்த நெம்பில் தொங்குவாள். கூட வந்த பெண்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். இவள் உட்காரவில்லை. மண்ணை அச்சு நிறையப் போட வைத்தாள். தானே தண்ணீர் சுமந்து கோணியை நனைத்தாள். தன் வீட்டுச் சுவருக்கு என்று தனியாக எடுத்து வைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் நெம்பைப் பிடித்துக்கொள்வேன். அப்போதும் போய்ப் படுக்க மாட்டாள், மண் சலிப்பாள். அவள் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கை விரலை மடக்கவே அவளால் முடியவில்லை. மாமா கம்பெனியில் லீவு எடுத்துக்கொண்டு வந்து, ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்று வாட்சை அமுக்கினார். நிழலில் நின்று பார்க்கிற ஆளுக்குக் குடை ஒரு கேடு.

புரட்டாசியில் ஒரு நாள் மதியம். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா நெம்பை விட்டாள். இரண்டு கையையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மண் குவியலில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவள் வாயிலிருந்து கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"இவ்ளோதான் என்னால ஆவுது."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

"இதத்தான் குப்பம்மாவும் சொன்னா" என்றார். "உங்கிட்ட இன்னும் மூணுல ஒரு பங்கு கீது பஞ்சவர்ணம். எனக்குத் தெரியாதா? எயுந்திரு."

அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. புது ஆள் ஒருவன் வாசலில் வந்து நின்றால் யார் என்று பார்ப்போமே, அப்படி. நான் நெம்பைப் பிடிக்கப் போனேன். என்னைத் தள்ளிவிட்டு அவளே எழுந்து பிடித்தாள். அன்றைக்குப் பொழுது சாயும் வரை அதை விடவில்லை.

ராயப்பன் வந்து கெஞ்சினார். இருக்கிற கல்லையெல்லாம் ஒரே வீட்டுக்குக் கொடுத்து அதற்காவது ஓடு ஏற்றிவிடலாம் என்றார். முதல் சீட்டு வந்த வீட்டுக்கே கொடுக்கலாம் என்று இரண்டு மூன்று பேர் ஒப்புக்கொள்ளக்கூட வந்தார்கள். எத்திராஜ் மாமா கேட்கவில்லை. தன் வீட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டால் தன் கணக்கு தப்பு என்று ஆகிவிடுமாம். "எட்டும் எயும்பும்" என்றார். பெண்டாட்டியின் வீட்டைவிட அவருக்குத் தன் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் போயிற்று.

ஐப்பசி சொன்னபடி வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மழை விட்டதும் நானும் அக்காவும் போனோம். குப்பம்மா ஆட்கள் போட்ட கல்லெல்லாம் களியாக வழிந்து கடைக்காலைச் சுற்றிக் கிடந்தது. அதன் மேல் அக்கா போட்ட கெட்டிக் கற்கள் அடியில் பிடிமானம் இல்லாமல் முழுசு முழுசாகச் சரிந்து கிடந்தன. எட்டு வீட்டிலும் அதே கோலம். ஏரி மண் ஏரிக்கே போய்க்கொண்டிருந்தது. அக்கா ஒரு கல்லைக் காலால் புரட்டிப் பார்த்தாள். "இது நான் போட்டது" என்றாள். பிறகு, "போலாம்டா, குழாய் பூட்டிடுவா" என்றாள்.

மாமா சங்கக் கூட்டத்தில் என்ன சொன்னார் தெரியுமா? கணக்கு சரியாம். ஆட்கள் மனசு வைக்கவில்லையாம். ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலையம் பிறகு வேறு ஊரில் இரண்டு இரண்டாக வீடு கட்டியது என்றும், அவை நன்றாக நிற்கின்றன என்றும் கேள்விப்பட்டேன். சங்கம் உடைந்தது. மற்றவர்கள் வருஷம் கழித்துச் சூளைச் செங்கல்லில் ஒருவர் பின் ஒருவராகக் கட்டிக்கொண்டார்கள். எத்திராஜ் மாமாவுக்கு அதற்குத் தெம்பு இல்லை. மனையில் கருவேலம் முளைத்தது.

அதற்குப் பிறகு அக்கா மாறிப்போனாள். வீட்டில் எல்லாம் தாமதமாயிற்று. டீ கேட்டால் வர நேரமாகும். சோறு கேட்டால் அதைவிட நேரமாகும். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மாமாவின் டப்பா தயாராகாமல் அவர் ரயிலை விட்டுவிட்டுக் கம்பெனி வாசலில் திட்டு வாங்கிய நாட்கள் உண்டு. தோள் போய்விட்டது, பாவம், ஆளே உடைந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். மனசுக்குள் அவரை இன்னும் நாலு திட்டு திட்டினேன்.

தொண்ணூற்று எட்டில், பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அதே பின்பக்கப் போர்ஷன்தான். மாமாவுக்குக் கம்பெனி வேலை போய்விட்டிருந்தது. அங்கே எல்லாம் கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது, பின்னால் நின்று பார்க்கிற ஆள் தேவைப்படவில்லை. முன் ரூமில் காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வா மச்சான். சோறு ஆயிக்கினே கீது" என்றார்.

நான் உள்ளே போனேன். சோறு எப்போதோ வடித்தாகிவிட்டது. குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் மூடி போட்டு வரிசையாக இருந்தது. பாத்திரம்கூடத் துலக்கிக் கவிழ்த்தாயிற்று. அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒரு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். தோள் அப்படியொன்றும் இறங்கியிருக்கவில்லை.

"அக்கா, எல்லாம் ஆயிடுச்சே."

"ஆயிடுச்சி. மெதுவாப் பேசு" என்றாள். "அந்தத் தோளு வலி அந்த வருசப் பொங்கலுக்குள்ளியே போயிடுச்சிடா. ஆறு வருசமா இப்டித்தான். நான் இயுத்துப் புடிக்கிறேன்னு வாயாரச் சொல்லிக்கினே இருந்தாரே. அது எப்டி இருக்கும்னு ஒரு நாளாவது பாக்கட்டும்னுதான் ஆரம்பிச்சேன்." பக்கத்தைத் திருப்பினாள். "கண்டுபுடிப்பாருன்னு பாத்தேன். இன்னும் கண்டுபுடிக்கல."

அவள் தலைக்கு மேலே அலமாரியில், புளிச் சட்டியின் பக்கத்தில், அந்தப் பித்தளைக் குழாய் இருந்தது. நான் வெளியே வந்து மாமாவின் எதிரில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் அக்காவை நினைத்துக் கலங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் சொல்லாத மச்சான். அவசரப்படுத்தாத. பாவம், அவளால இவ்ளோதான் ஆவும்."

இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு அந்த மண் குவியலின் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் என் அக்காவுக்கு வீடு இருந்திருக்கும். உள்ளே பத்திரிகையின் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. எத்திராஜ் மாமா காலித் தட்டைத் துண்டால் துடைத்து, மறுபடியும் முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.